எம் அம்மானும் அவர்தம் ஆர்மோனியமும்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை எமக்குப் பாடஞ்சொன்ன பேராசிரியர், அரங்கின் அளவைக் கரும்பலகையில் வரைந்து காட்டினார். பெருவிரல் 24 கொண்டது ஒரு கோல். அக்கோலால் அகலம் 7, நீளம் 8, உயரம் 1. பின்னர் ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என்னும் அறுவர்தம் இலக்கணத்தையும் மூன்று நாள் விரித்துரைத்தார். மூன்றாம் நாள் மணியடிக்கும் வேளையில், “உங்கள் குடும்பங்களில் இசையோ கூத்தோ பயின்றவர் எவரேனும் உண்டா?” என்று வினவினார். வகுப்பு வாளா இருந்தது. யாம் எழுந்து, “என் தாய்மாமன் சங்கீத ஆசிரியர், ஐயா” என்றோம்.

பேராசிரியர் மகிழ்ந்து, எவ்வூர், எவரிடம் பயின்றவர் என்றெல்லாம் கேட்டார். யாம் ஏதோ விடை கூறி அமர்ந்தோம். முழுப்பொய் சொல்லுந் துணிவு எமக்கில்லை. முழுமெய் சொல்லுந் துணிவு அதனினும் இல்லை. எம் அம்மான் எவருக்கும் சங்கீதம் கற்பித்தவரல்லர். காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் கோயில் திருவிழாத்தோறும் நடக்கும் ஸ்பெஷல் நாடகங்களில் ஆர்மோனியம் மிதித்துப் பின்பாட்டுப் பாடுகிறவர் அவர்.

நகரிற் பிறந்து வளர்ந்த நேயர்களுக்கு இந்நாடகத்தின் இயல்பைச் சிறிது கூறல் வேண்டும். இதற்கெனக் குழு ஒன்று இல்லை, முதலாளி இல்லை, ஒத்திகை இல்லை. ஊரார் ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியே பேசி முன்பணங் கொடுத்து அமர்த்துவர். அவ்வாறு தனித்து அமர்த்தப்படுவதனாலேயே ‘ஸ்பெஷல்’ என்னும் பெயர் ஒட்டிக்கொண்டது. ராஜபார்ட் மதுரையினின்று வருவார். ஸ்திரீபார்ட் புதுக்கோட்டையினின்று வருவார். பபூன் திண்டுக்கல்லினின்று வருவார். இவர்களுள் இருவர் வாழ்நாளில் முதன்முறையாக ஒருவரையொருவர் காண்பது மேடையின்மேல் முருகனும் வள்ளியுமாக நிற்கும்போதாகவும் இருக்கக்கூடும். இரவு பத்து மணியளவில் தொடங்கி, விடியும்வரை, ஏட்டைப் பாராமல், அடி பிறழாமல் ஆடி முடிக்கின்றனர். கல்லூரி நாடகத்திற்கு இரண்டு திங்கள் ஒத்திகை பார்த்தும் இரண்டாங் காட்சியில் வாயடைத்து நின்ற யாம் இதனை வியவாதிருத்தல் எங்ஙனம்?

அவர்களை ஒன்றாகக் கட்டி நிறுத்துவது சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக ஏடு. 1867இல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியிற் பிறந்து, பழநி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்று, உப்புப் பண்டகசாலையிற் கணக்கராயிருந்து, பின்பு நாடகத்துறை புகுந்தவர் அவர். எமனாகவும் சனீசுவரனாகவும் வேடம் புனைந்து, பார்ப்பவர் அஞ்சி நடுங்க நடித்தவர். அவ்வச்சத்தால் நேர்ந்த தீங்கொன்றைக் கேட்டு மனம் உடைந்து வேடம் களைந்தார் என்றும், அதன்பின் எழுதுவதும் பயிற்றுவதுமே தொழிலாக் கொண்டார் என்றும் சொல்வர். 1918இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். டி. கே. எஸ். சகோதரர்கள் அச்சபையிற் பயின்றவரே. 1922இல் புதுவையில் அவர் மறைந்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் என அவர் எழுதி வைத்த பாட்டும் உரையும் இன்றும் நடிகர்தம் நாவில் இருக்கின்றன. முத்தமிழ் என்று மேடைதோறும் முழங்கும் எம்போன்ற மாணவர்க்கோ, மூன்றாந் தமிழ் தேர்வுக்கு உரிய ஐந்து மதிப்பெண் வினாவாக மட்டுமே தெரியும்.

செட்டிநாட்டுப் பக்கத்தில் இதற்குரிய காலம் வேனில். எம் நிலம் வானம் பார்த்த நிலம். கண்மாய்நீர் பாய்ந்து விளைந்த நெல்லைத் தைமாசியில் அறுத்துவிட்டால், பங்குனி தொடங்கி வயல் வெறும் பொட்டலாய்க் கிடக்கும். மழைக்கு அஞ்சவேண்டுவதில்லை, உழவர் கையில் சிறிது பணமும் ஓய்வும் இருக்கும், அம்மன் கோயில்களில் காப்புக் கட்டுவர். பகலில் வெளியே தலைகாட்ட முடியாத வெயிலாகலின், ஊர் இரவில்தான் உயிர்கொள்ளும். அப்போது சுவர்தோறும் நாடக நோட்டீசு ஒட்டப்பெறும். நடிகர்தம் நிழற்படம், பெயர், ஊர் என்பன பெரிய எழுத்தில் மேலே விளங்க, ஆர்மோனியக்காரர் பெயர் கீழே காணப்படும். எம் அம்மானின் பெயர் பலமுறை எழுத்துப் பிழையோடு அச்சாகியிருக்கக் கண்டோம். அவர் அதனைப் பொருட்படுத்தியதில்லை.

எம் பகுதி இசைக்கு வறிய பகுதியன்று. காரைக்குடி வீணைச் சகோதரர்களை அறியாதார் யார்? மூத்தவர் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசித்தவர்; இளையவர் சாம்பசிவ ஐயர் 1952இல் சங்கீத கலாநிதி ஆனவர். இக்காலத்துக் கச்சேரி முறையை வகுத்தவர் என்று போற்றப்படும் இராமானுஜ ஐயங்கார் 1890இல் பிறந்த அரியக்குடி, காரைக்குடிக்கு அண்மையிலேயே உள்ளது. இயற்றமிழுக்கோ, சா. கணேசன் 1939இல் நிறுவிய கம்பன் கழகம் உண்டு. பங்குனியில் கம்பன் விழாவுக்கு எம் வகுப்பினர் பேருந்து அமர்த்திச் சென்றுவந்தோம். அவ்விழா முடிந்து திரும்பிய இரவில், வழியில் ஓர் ஊர்ப் பொட்டலில் நாடகம் நடந்துகொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் ஆர்மோனிய ஓசை கேட்டது. நண்பர் ஒருவர், “கூத்தாடிகள் தொண்டையைக் கிழிக்கிறார்கள்” என்றார். யாமும் சிரித்தோம். அவ்வோசையை எழுப்பிய விரல் யாருடையது என்பதை இரண்டு கணத்தில் யாம் அறிந்துகொண்டோம் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். சுரத்தின்மேல் விழுவதற்கு முன் ஒரு சிறு தடுமாற்றம் போல் விரலை இழைப்பது அவர் வழக்கம்.

ஆர்மோனியத்தின் வரலாறு வேடிக்கையானது. 1842இல் பாரிசு நகரில் தெபேன் என்பவர் காப்புரிமை பெற்ற கருவி அது. பாதிரிமார்கள் ஆலயப் பாடலுக்கென அதனை இந்நாட்டிற்குக் கொணர்ந்தனர். ஆலயத்தில் இருந்த பெட்டி எவ்வாறோ நாடகக் கொட்டகைக்குள் புகுந்தது. ஒலிபெருக்கி இல்லாத நாளில் ஆயிரம் பேருக்கு நடுவில் நடிகர்க்குச் சுருதி கேட்கவேண்டுமே. வீணையும் தம்புராவும் அதற்குப் போதா. கிட்டப்பா ஐந்து கட்டைச் சுருதியில் பாடிய காலத்தில் அவர் தமையனார் காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்தார். பிறகு கமகம் பேசாத பெட்டி என்று அறிஞர் பழித்தனர். அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதனைத் தன் நிலையத்துள் நுழையவிடவில்லை. முப்பத்தோராண்டு தீண்டாமை! இப்பழியைப் பற்றி எம் அம்மானிடம் ஒருமுறை சொன்னோம். “கமகம் பாடுகிறவர் தொண்டையில் இருக்கிறது, மாப்பிள்ளை. பெட்டி குறுக்கே நிற்காமல் வழி விட்டால் போதாதா?” என்றார்.

அவர் சிறுவராயிருந்தபோது ஆர்மோனியம் கற்றதும் ஆலயத்தில்தான். எங்கள் சபையில் உபதேசியாராயிருந்த முதியவர் ஒருவர், வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனைகளை இராகம் பிறழாமல் பாடப் பயிற்றினார். இருபது ஆண்டு, சனிக்கிழமை இரவு எவ்வூரில் நாடகமாயினும், ஞாயிறு காலை ஆராதனைக்கு முதல் மணி அடிக்குமுன் அம்மான் ஆலயத்தில் இருப்பார். கண் சிவந்திருக்கும், தலையில் எண்ணெய் வழியும், விரல் மட்டும் உறங்கியதில்லை.

2020ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள் ஊரடங்கு வந்தது. பங்குனித் திருவிழாக்கள் தொடங்கும் வேளை. அம்மானின் நாட்குறிப்பில் வைகாசி முடிய 41 இரவுகள் குறிக்கப்பெற்றிருந்தன. ஒவ்வோர் ஊராரும் தொலைபேசியிற் கூப்பிட்டு முன்பணத்தைத் திருப்பிக் கேட்டனர். கேட்டது தவறென்று சொல்ல மாட்டோம். அவர்களுக்கும் அவ்வாண்டு முடைதான். அம்மான் நாட்குறிப்பில் ஒவ்வோர் இரவாய் அடித்துக்கொண்டே வந்தார். பின் செங்கற் சூளைக்குக் கல் சுமக்கச் சென்றார். 2021இலும் சித்திரை பிறந்தபின் மீண்டும் அடைப்பு. நடிகர்கள் பலர் காய்கறி விற்றதும், வண்டி ஓட்டியதும், வேடப்பெட்டியை அடகு வைத்ததும் அக்காலத்தில் யாம் நேரிற் கண்டவை. அத்தையின் சங்கிலி விலைப்பட்டது, ஆர்மோனியம் விலைப்படவில்லை. ஆனால் மூடிக் கிடந்த அதன் துருத்தியை எலி கடித்துவிட்டது. அம்மான் மிதிவண்டிச் சக்கரத்தின் உட்குழாயை வெட்டி ஒட்டிச் சரிசெய்தார். அவ்வொட்டு இன்றும் இருக்கிறது. மிதிக்கும்போது மெல்லப் பெருமூச்சு விடும்.

ஆலயம் மீளத் திறந்தபோது, புதிதாக மின்விசைக் கீபோர்டு ஒன்று வந்திருந்தது. சபையார் கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் எழுந்து, வள்ளியையும் முருகனையும் இரவெல்லாம் பாடுகிற வாய் காலையில் கர்த்தரைப் பாடுவது தகுமா என்று கேட்டார். அதே அம்மான், அண்டையூர்ப் பங்குத் திருவிழாவில் ஞானசௌந்தரி நாடகத்திற்கு வாசித்தபோது, முதல் வரிசையில் அமர்ந்து கண்ணீர் துடைத்தவர் அம்மூத்தவரே என்பதை எவரும் எடுத்துக் கூறவில்லை. பாடகர் குழுவில் பதினான்கு வயதுச் சிறுவராய் யாமும் நின்றிருந்தோம், யாமும் கூறவில்லை. அம்மான் பாடற்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அடுத்த ஞாயிறு முதல் கடைசி வரிசையில் அமரத் தொடங்கினார். வராமல் இருந்துவிடவில்லை. அதுதான் எமக்குப் பொறுக்க முடியாததாயிருந்தது.

சென்ற வேனில் விடுமுறையில் யாமே அவரிடஞ் சென்று, “மாமா, ஒரு நாடகத்துக்கு என்னையும் கூட்டிப் போங்கள்” என்றோம். அவர் ஏன் என்று கேட்கவில்லை. “போர்வை எடுத்துக்கொள். விடியக்காலம் பனி இறங்கும்” என்றார்.

ஊர், குன்றக்குடிக்கு அப்பால் ஒரு சிற்றூர். நீர் வற்றிய கண்மாயின் உள்வாயிலே மேடை. கோலால் அளந்தால் அகலம் 7க்குக் குறையாது என்று எமக்குள் எண்ணிக்கொண்டோம். சவுக்குக் கட்டைமேல் பலகை பரப்பி, பின்னே அரண்மனை எழுதிய திரை கட்டியிருந்தனர். மக்கள் பாயும் தலையணையும் கொண்டுவந்து தரையில் விரித்தனர். கிழவிகள் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தனர். தொலைவில் மலைமேல் முருகன் கோயில் விளக்கு தெரிந்தது. அம்மான் மேடையின் ஒரு பக்கத்தே பெட்டியை இறக்கி, மிதிகட்டையைக் காலால் சோதித்து, மேற்பலகையில் ஒரு துளி எண்ணெய் விட்டுத் துடைத்தார். பிறகு கண்ணை மூடி உதட்டை அசைத்தார். அது செபம் என்பதை யாம் அறிவோம். அருகே மிருதங்கக்காரர் கருவியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

முதலில் பபூன் வந்தார். பின் நடனமாடும் பெண் வந்தாள். அவர்கள் பேசியவற்றுட் சிலவற்றை இவ்விதழில் எழுத ஆசிரியர் குழு இசையாது. ஆயினும் ஒன்று சொல்வோம்: பபூன் ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் அம்மானை நோக்கி ஏதேனும் கேட்க, அம்மான் பெட்டியினின்று கை எடாமலே விடை சொல்ல, சனங்கள் சிரித்து உருண்டனர். வீட்டில் ஒரு நாளைக்கு ஒன்பது சொற்களுக்கு மேல் பேசாதவர் இவர்!

நள்ளிரவுக்கு மேல் வள்ளி வந்தார். தினைப்புனங் காக்கும் சிறுமி. நடிப்பவர்க்கு நாற்பதைக் கடந்த வயது. முதற்பாட்டை எடுத்தவுடன் வயது மறைந்துபோயிற்று. பிறகு நாரதர் வந்தார். இருவருக்கும் தர்க்கம். நாரதர் கேள்வி கேட்பார், வள்ளி பாட்டால் விடை கூறுவார். ஏட்டில் உள்ளது எது, அவ்விரவில் பிறந்தது எது என்று எம்மாற் பிரிக்க இயலவில்லை. ஆண் பாடுஞ் சுருதி வேறு, பெண் பாடுஞ் சுருதி வேறு. நாரதர் வாய் மூடுமுன் அம்மானின் விரல்கள் வள்ளியின் கட்டைக்குத் தாவி நின்றன. அடுத்து அவர் எந்த இராகத்தை எடுப்பார் என்பது அவருக்கு எங்ஙனம் தெரியும்? பின்னர்க் கேட்டதற்கு, “பாடுவதற்கு முன் மூச்சு இழுப்பார்கள் அல்லவா, அதிலேயே தெரிந்துவிடும்” என்றார். யாம் இலக்கணங் கற்பதுபோல் இவர் மூச்சைக் கற்றிருக்கிறார்.

மூன்று மணி இருக்கும். முருகன் வேடனாய் வந்து, மான் வந்ததோ என்று வள்ளியைக் கேட்கும் இடம். இவ்விடத்துக்கெனவே உறங்கினவரும் எழுந்து அமர்ந்திருந்தனர். வள்ளி மேற்சுருதியில் ஒரு விருத்தத்தைத் தொடங்கினார். இரண்டாம் அடியில் குரல் விரிந்தது. மூன்று இரவாய் மூன்று ஊர்களில் பாடிய தொண்டை. அவர் முகத்தில் யாதொரு மாறுதலும் இல்லை. ஆனால் கை மட்டும் முந்தானையை இறுகப் பற்றியது. மூன்றாம் அடி இன்னும் மேலே ஏற வேண்டும். யாம் மூச்சடக்கி நின்றோம்.

அம்மான் பாடத் தொடங்கினார். பின்பாட்டுக்காரர் அடியை வாங்கிப் பாடுவது வழக்கமேயாகலின் எவர்க்கும் ஐயம் பிறக்கவில்லை. மேலேறும் இடமெல்லாம் தம் குரலையும் பெட்டியையும் கலந்து அவரே ஏறினார். இறங்கும் இடத்தில் மட்டும் தாழ்ந்து, வள்ளியின் குரலுக்கு வழி விட்டார். வள்ளி அபிநயத்தால் ஏறினார், பாட்டால் இறங்கினார். கேட்டோர்க்கு ஒரே குரல் ஏறி இறங்கியதாகவே தோன்றியிருக்கும். விருத்தம் முடிந்தபோது எழுந்த ஆரவாரம் முழுவதும் வள்ளிக்கு. ஊர்ப்பெரியவர் ஒருவர் மேடையேறி அவருக்கு ஐந்நூறு ரூபாய் அன்பளிப்பு என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். எம் அம்மானோ துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, மிருதங்கக்காரரிடம் வெற்றிலை கேட்டார்.

வேடன் போய்க் கிழவன் வருவதற்கு முன் கிடைத்த சிறு இடைவெளியில் யாம் திரைக்குப் பின் சென்றோம். வள்ளி, தகரப்பெட்டிமேல் அமர்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டே, கைப்பேசியில் தம் மகளுக்குக் காய்ச்சல் தணிந்ததா என்று கரகரத்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தார். எம்மைக் கண்டு, “யார் தம்பி?” என்றார். சொன்னோம். “ஆர்மோனிய அண்ணன் மருமகனா? காலேசிலே படிக்கிற பிள்ளையா?” என்று எழுந்து நின்றார். எமக்காக எழுந்தவரல்லர் என்பது எமக்கு விளங்கிற்று. வானம் வெளுக்கையில் திருமணம் நடந்தது. மங்களம் பாடியபோது பாயிற் கிடந்த குழந்தைகளைத் தாய்மார் தோளில் தூக்கிக்கொண்டிருந்தனர். மேடையைவிட்டு இறங்குமுன் அவ்வம்மையார் பெட்டியைத் தொட்டு வணங்கினார். வாசித்தவரை வணங்கினால் அவர் கூச்சப்படுவார் என்று அறிந்தவர் போலும்.

பெட்டியை ஒரு சிறு சுமையுந்தில் ஏற்றி அனுப்பிவிட்டு, முதற் பேருந்தில் காரைக்குடிக்குத் திரும்பினோம். அன்று ஞாயிறு. ஆராதனைக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. சன்னலோரம் அமர்ந்திருந்த அம்மானிடம், வகுப்பில் நிகழ்ந்ததைச் சொல்லிவிட்டோம். சங்கீத ஆசிரியர் என்று சொன்னதையும், கம்பன் விழா இரவில் நண்பரோடு சேர்ந்து சிரித்ததையும், ஆலயத்தில் வாய் திறவாமல் நின்றதையும் ஒன்று விடாமற் சொன்னோம். சொல்லுங்கால் முன்னிருக்கையின் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அம்மான் நெடுநேரம் வெளியே பார்த்தார். பிறகு சிரித்தார். “மிருதங்கக்காரர் தம் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற இடத்தில் மின்சார வாரியத்தில் வேலை என்று சொல்லியிருக்கிறார். ராஜபார்ட்டுக்கு அவர் தெருவில் ரியல் எஸ்டேட் என்று பெயர். நீ சங்கீத ஆசிரியர் என்றாயே, அது எவ்வளவோ மேல்” என்றார். சற்றுப் பொறுத்து, “உன் வாத்தியார் யாரிடம் பயின்றவர் என்று கேட்டாரே, என்ன சொன்னாய்?” என்று வினவினார்.

“நினைவில்லை, மாமா.”

“உபதேசியார் பேரைச் சொல்லியிருக்கலாம்” என்று கூறித் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு, பேருந்து ஊர் சேரும்வரை உறங்கினார். அவர் வலக்கை விரல்கள் முழங்காலின்மேல் அசைந்துகொண்டே இருந்தன.